பதினோராவது நிமிடத்து அடி

சக்திகுமாருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது அனுசியாவின் காலை வேலைகளில் ஒன்றாகி எட்டு மாதம் ஆகிறது.

மதுரையில் ஒரு கல்லூரி நிகழ்ச்சியை முடித்துவிட்டுத் திரும்பும்போது காரியாபட்டி அருகே வேன் கவிழ்ந்ததும், ஓட்டிவந்த அண்ணன் நாகேந்திரன் வெறும் சிராய்ப்போடு எழுந்து நின்றதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி சக்திகுமாரின் வலது மணிக்கட்டு நொறுங்கியதும் இந்தக் கதையைத் தொடர்ந்து வருகிறவர்களுக்கு மறந்திருக்காது. உள்ளே ஒரு தகடு, ஆறு திருகாணி. குச்சியைப் பிடித்து டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தால் மூன்றாவது நிமிடத்தில் விரல்கள் மரத்துப் போகின்றன. 'ஏழரை' குழுவின் பாட்டோ இருபத்து மூன்று நிமிடம்.

ஏழரை என்று பேர் வைத்தால் எப்படி விளங்கும் என்று அருப்புக்கோட்டையில் கேட்காத ஆள் கிடையாது. அவர்கள் வாசிப்பது ஏழரை எண்ணிக்கை, அதனால் வைத்த பேர். புரோகிரஸிவ் ராக் என்று அந்த இசைக்குப் பெயராம். ஒரு பாட்டுக்குள் நாலு பாட்டு இருக்கும். எண்ணிக்கை மாறிக்கொண்டே போகும். ஆடலாம் என்று எழுந்தவன் கால் தடுக்கி உட்கார்ந்துவிடுவான். ஊரில் யாருக்கும் பிடிக்காது, பெங்களூரில் கை தட்டுவார்கள்.

பதினைந்து வருடத்தில் அந்தக் குழுவுக்குள் வந்து போனவர்கள் பதினொரு பேர். ஒருவன் சிங்கப்பூர் போனான். ஒருவன் திருப்பூருக்கு. இன்னொருவன் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஜெபக்கூட்டத்துக்கு வாசிக்கப் போய்விட்டான். ஒருவனுடைய அம்மா அரளி விதையைக் கையில் வைத்துக்கொண்டு, நீ வாரியா நான் திங்கவா என்று வாசலில் வந்து நின்றாள். பையன் பேஸ் கிதாரை அப்படியே கீழே வைத்துவிட்டு அம்மா பின்னால் போனான். மாறாமல் இருந்தது நாகேந்திரன் மட்டும்தான்.

நாகேந்திரனுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் குழுவை விட்டுப் போனாலும், அவர்கள் வாசித்ததைப் புதிதாக வந்தவரை வைத்துப் பழைய பாட்டு எல்லாவற்றிலும் மறுபடி வாசிக்க வைப்பான். பழைய பதிவை இணையத்திலிருந்து எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவான். பேரையும் மாற்றுவான். "போனவன் சத்தம் பாட்டுல கெடக்கக் கூடாது" என்பான். வீட்டில் செத்தவர்களுக்குக்கூட ஒரு படம் மாட்டி வைக்கிறோம். ஏழரையில் அதுவும் கிடையாது.

இப்போது அந்த வழக்கம் சொந்தத் தம்பி கழுத்துக்கே வந்திருக்கிறது. 'கண்மாய் நிறையல' என்ற அவர்களுடைய அந்த நீளப் பாட்டைப் புதிதாகப் பதிவு செய்து கொடுத்தால் உலகம் முழுக்க வெளியிடுவதாக பெங்களூர் கம்பெனி ஒன்று கேட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை கெடு. டிரம்ஸுக்கு ஆள் தேடி நாலு பேர் வந்து பார்த்தார்கள். நாலு பேருக்கும் பதினோராவது நிமிடத்தில் வருகிற அந்த அரை அடி விழவில்லை. நாலு பேர் தோற்றதையும் அனுசியா ஓரமாக நின்று உள்ளூர ரசித்தாள் என்பதை மறைப்பானேன்.

போன வாரம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்ன வார்த்தை இது: "அவுக அடி இல்லாத பாட்டுல என் குரல் இருக்காது. பழைய ரெக்கார்டுல இருக்குற டிரம்ஸ வையுங்க, பாடுறேன். இல்லாட்டி என்னைய விட்டுருங்க." அவள் குரல் இல்லாமல் கம்பெனிக்குப் பாட்டு வேண்டாம். அது நாகேந்திரனுக்கும் தெரியும்.

சக்திகுமாரின் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு மணிக்கட்டுப் பட்டையை இறுக்கினாள்.

"இன்னைக்கு வாரது யாருன்னு அண்ணன் ஒங்கிட்டச் சொல்லுச்சா?" என்றான்.

"யாரோ அஞ்சாவது ஆளு. நாலு பேரு போன வழியில அவரும் போவாரு."

"நீ ஷெட்டுப் பக்கம் வராத, அனு. பத்தரைக்குத் திருச்சுழி பஸ்ஸு இருக்கு. உங்கம்மா வீட்டுக்குப் போயிட்டுச் சாயங்காலமா வா. தலவலின்னு நான் சொல்லிக்கிறேன்."

அனுசியா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "கல்யாணமாகி ஏழு வருஷத்துல அம்மா வீட்டுக்குப் போன்னு நீங்களா ஒரு நாளும் சொன்னதில்ல."

"சொன்னாக் கேளேன்."

"நீங்க உக்காந்த எடத்துல இன்னொருத்தர் உக்காருறத நான் பாக்கக் கூடாது, அதான? பாக்குறேன். நான் பக்கத்துல இருந்தா உங்களுக்கும் தெம்பா இருக்கும்."

அவன் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான்.

மனுஷன் நொந்து போயிருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இந்தக் கைக்காகத்தானே அவள் இந்த வீட்டுக்கு வந்தாள்.

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக் கல்லூரிக்கு பஸ்ஸில் வந்து போன மூன்று வருடமும் அவள் காதில் ஓடியது அந்த ஒரு பாட்டுதான். பதினோராவது நிமிடத்தில் மற்றதெல்லாம் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் தனியாக நிற்கும். ஏழு எண்ணி முடிந்து, அடுத்த அடிக்குக் காது காத்திருக்கும்போது, அது பாதியிலேயே விழுந்துவிடும். விழுந்ததும் அடிவயிற்றில் என்னவோ நழுவும். பஸ் கருவேலங்காட்டைத் தாண்டும்போது அந்த இடம் வரும்படி பார்த்துப் பாட்டை ஆரம்பிப்பாள். 'டிரம்ஸ்: சக்திகுமார்' என்று திரையில் இருந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்திருக்கிறாள். அசட்டுத்தனம்தான். பத்தொன்பது வயதில் அசடாக இல்லாமல் பின்னே எப்போது இருப்பது?

பாடத் தெரிந்த பெண் தேவை என்று கேள்விப்பட்டுக் குழுவுக்குள் வந்தாள். மறு வருடமே அந்தப் பேருக்கு உரியவனைக் கட்டிக்கொண்டாள். வீட்டில் கன்னடம் பேசுகிற தறிக்காரக் குடும்பத்துக்குள் வெள்ளாமை செய்கிற திருச்சுழி சம்சாரி வீட்டுப் பெண் வந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. அவளுடைய அப்பா சீனிச்சாமி மூன்று வருடம் மகள் முகத்தில் விழிக்கவில்லை. இங்கேயும் யாரும் ஆரத்தி எடுத்துவிடவில்லை. போகட்டும், அந்த அடி நம்மோடு இருக்கிறதே என்று இருந்தாள்.

அடுப்படியில் மூத்தார் நாகேந்திரனின் மனைவி தேவிபிரியா சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். குழுவின் கடிதம், ஒப்பந்தம், மேடை ஏற்பாடு எல்லாம் அவள் கையில்தான். வாய் நிறைய அன்பாகப் பேசுவாள். பேசிவிட்டுப் போன பிறகுதான் எங்கே குத்தினாள் என்று தெரியும்.

"அனு, காப்பி குடிச்சியாம்மா?"

"குடிச்சேங்க்கா."

"இன்னும் அதே பிடியிலதான் இருக்கியா? பாட மாட்டியா?"

"பாட மாட்டேன்னு சொல்லலக்கா. அவுக அடிச்சத அப்படியே வச்சாப் பாடுறேன்."

"யாரு அடிச்சத?"

"என்னக்கா, தெரியாத மாதிரிக் கேக்குறீக."

தேவிபிரியா சிரித்தாள். மிக்ஸியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அப்புறம் முன்னறையில் இருந்த புருஷனைப் பார்த்து, இன்றைக்கு நமக்கு சினிமா பார்க்கப் போக வேண்டிய வேலை இல்லை என்று கன்னடத்தில் சொன்னாள். அனுசியாவுக்குக் கன்னடம் புரியும். புரியும் என்று அவர்களுக்கும் தெரியும்.

கை முடங்கியவனைப் பார்த்துச் சிரிக்கிறார்களே, இவர்களெல்லாம் மனுஷப் பிறவியா என்று அவளுக்கு ரத்தம் கொதித்தது. அவள் நினைத்தது அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு பாலவனத்தத்திலிருந்து ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். பின் சீட்டில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. நாற்பதை நெருங்குகிற வயது, கருத்த ஒல்லி உடம்பு, காதோரம் நரை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ரேடியோ செட் போடுகிற பாண்டிராஜ். ஏழரை தொடங்கியபோது முதன்முதலில் டிரம்ஸ் வாசித்தவர். தம்பியை உள்ளே கொண்டுவருவதற்காக நாகேந்திரன் இவரை வெளியே அனுப்பினான் என்று அனுசியா கேள்விப்பட்டிருக்கிறாள். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"என்னலே நாகேந்திரா, கடைசில பழைய இரும்புக் கடைக்கே வந்துட்ட போல" என்றார்.

"வாலே. உள்ள வா" என்றான் நாகேந்திரன். முகத்தில் ஒன்றுமில்லை.

தேவிபிரியா டீ கொண்டுவந்தாள். வீட்டு ஆட்களுக்கு எவர்சில்வர் டம்ளர். பாண்டிராஜுக்குப் பேப்பர் கப்.

"கப்புன்னா குடிச்சிட்டு அப்படியே தூரப் போட்டுரலாம் பாருங்க. கழுவுற வேல மிச்சம்" என்றாள்.

பாண்டிராஜ் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி எனக்குன்னு ஒரு பச்ச பிளாஸ்டிக் டம்ளர் வெளிய ஜன்னல்ல இருக்கும். இப்பப் பேப்பர். முன்னேறிட்டீக."

அவர் டீயைக் குடித்துவிட்டுக் கப்பைக் கசக்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அனுசியாவைப் பார்த்ததும், "நீ திருச்சுழி சீனிச்சாமி மகதான தாயி? உங்க ஊருப் பொங்கலுக்குச் செட்டு நான்தான்" என்றார். அவள் தலையசைத்தாள். நல்ல மனுஷனாகத்தான் தெரிகிறார், பாவம், பதினோராவது நிமிடத்தில் விழப் போகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஷெட் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. நாலு விசைத்தறி ஓடிய இடம். இப்போது சுவர் முழுக்கக் கழிவு நூல் மூட்டைகளை அடுக்கிச் சத்தம் வெளியே போகாமல் அடைத்திருந்தார்கள். உள்ளே சக்திகுமார் முன்பே வந்து மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பாண்டிராஜைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துப் போனது. அனுசியாவைப் பார்த்ததும் இன்னும் வெளுத்தது.

"பஸ்ஸுக்குப் போகலையா நீ?"

"போகல."

நாகேந்திரன் கிதாரை மாட்டிக்கொண்டான். "இது சும்மா ஒத்திகதான், அனு. ரெக்கார்டு இல்ல. வழி காட்டுறதுக்குப் பாடு, போதும். பேஸ் பின்னால சேத்துக்குவோம். சக்தி, நீ எண்ணிக்கை சொல்லு."

ஒரு சின்ன மைக்கை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தான். அதில் சொல்வது பாட்டில் பதியாது, வாசிக்கிறவர்கள் காதுக்கு மட்டும் போகும். ஏழரையில் எப்போதும் எண்ணிக்கை கன்னடத்தில்தான். வந்துபோன பதினொரு பேரும் அந்த ஏழு எண்ணைக் கற்றுக்கொண்டு போனவர்கள்.

"எனக்கு எண்ணிக்கை வேணாம்" என்றார் பாண்டிராஜ்.

"மத்தவங்களுக்கு வேணும்."

ஒந்து, எரடு, மூரு என்று சக்திகுமாரின் குரல் அனுசியாவின் காதுக்குள் தொடங்கியது. பாண்டிராஜ் அடிக்கத் தொடங்கினார்.

முதல் ஐந்து நிமிடம் அவள் கவனமாகவே இருந்தாள். ஆள் சும்மா இல்லை, கை சுத்தம் என்று பட்டது. ஏழாவது நிமிடத்தில் தன் குரல் இவ்வளவு லேசாக மேலே ஏறுவது எப்படி என்று ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருடம் அந்த வரியை மூச்சுப் பிடித்துப் பிடித்துப் பாடியவள். பதினோராவது நிமிடம் வந்தது. எல்லாம் ஓய்ந்தது. ஏழு எண்ணி முடிந்தது.

அடி விழுந்தது.

அவளுக்கு அடிவயிற்றில் நழுவியது. பஸ் ஜன்னலும் கருவேலங்காடும் முகத்தில் அடிக்கிற சூட்டுக்காற்றும் கண் முன்னால் வந்து நின்றன. கல்யாணத்துக்குப் பிறகு மேடையில் ஒரு நாளும் அது அப்படி விழுந்ததில்லை. ஒரு மயிரிழை முந்தும், இல்லாவிட்டால் பிந்தும். "ரெக்கார்டு வேற, மேட வேற" என்பான் சக்திகுமார். சரி, அவனுக்குத் தெரியாததா என்று இவளும் விட்டுவிடுவாள்.

பாட்டை நிறுத்தினாள். "அண்ணே, அந்த எடம் மட்டும் இன்னொரு தடவ."

பாண்டிராஜ் அடித்தார். அதே அடி.

"இன்னொரு தடவ."

அடித்தார். அனுசியா காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினாள்.

"இத எத்தன நாளு பழகுனீகண்ணே?"

"எதுக்குப் பழகணும்? என் கை அடிச்சதுதான. ரெண்டாயிரத்துப் பத்தாம் வருஷம், இதே ஷெட்டுல, தப்பா விழுந்த அடி அது. கையி தடுக்கிருச்சு. நல்லாருக்கேன்னு நாகேந்திரன்தான் வச்சுக்கிட்டான். அதுலருந்துதான் ஏழரைன்னு பேரே வந்துச்சு."

"ரெக்கார்டுல இருக்குறது?"

பாண்டிராஜ் சக்திகுமாரைப் பார்த்தார். அப்புறம் குச்சியைப் பார்த்தார். "நீ உம் புருஷங்கிட்டக் கேளு தாயி."

சக்திகுமார் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பி ஒன்றை முறுக்கிச் சுதி சேர்த்துக்கொண்டே நாகேந்திரன் பேசினான். சந்தைக்குப் போய்வந்த விவரம் சொல்கிற மாதிரி இருந்தது. "ரெண்டாயிரத்துப் பதிமூணுல தம்பிய உள்ள கொண்டாந்தேன். நாப்பது நாளு உக்கார வச்சேன். எல்லாம் வந்துச்சு, அந்த அரை வரல. எங்கப்பா ரெண்டு தறிய வித்துத்தான் இந்தச் சாமான் பூராம் வாங்கிக் குடுத்தாரு. சின்னவனுக்கும் எடம் வேணும்னாரு. அதுதான் கண்டிஷன். என்ன செய்யச் சொல்ற? பேரை மாத்துனேன். சத்தத்த விட்டுட்டேன். இப்பக் கம்பெனிக்காரன் பழைய ரெக்கார்டு கரகரன்னு இருக்கு, புதுசா வேணும்னுட்டான். அதான் பாண்டிராஜக் கூப்பிட்டேன்."

எல்லார் சத்தத்தையும் மாற்றிய மனிதன் டிரம்ஸை நிஜமாகவே மாற்றினானா என்று எட்டு வருடத்தில் அவள் ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புருஷன் பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

"பன்னெண்டு வருஷமா ஏன்ணே சும்மா இருந்தீக?" என்றாள் பாண்டிராஜிடம்.

"சொன்னா யாரு நம்புவா? ஜன்னல்ல பச்ச டம்ளர் இருந்தவன் சொல்லுறதயா? கல்யாண வீட்டுல செட்டுப் போட்டுட்டு, ஆளு போனப்புறம் அந்தப் பாட்டப் போட்டுக் கேப்பேன். எம் பொண்டாட்டி, என்னங்க இது தகர டப்பாவத் தட்டுறான்னு வையும்." அவர் சிரிக்கவில்லை. "இப்ப ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். எம் பேரு இருக்கணும். மொதல்லருந்து."

தேவிபிரியா வாசலில் வந்து நின்றிருந்தாள். இந்த நேரத்துக்காகவே எழுதி வைத்திருந்த மாதிரி ஒரு தாள் அவள் கையில் இருந்தது.

"குழுவோட வரலாறு கம்பெனிக்கு அனுப்பணும். எல்லாரும் ஒரு தடவ கேட்டுருங்க. பின்னால பேச்சு வரக் கூடாது பாருங்க." வாசித்தாள். கிதார், நாகேந்திரன். குரல், அனுசியா. டிரம்ஸ், பாண்டிராஜ், தொடக்கம் முதல் இன்று வரை. கடைசியில் ஒரு வரி: மேடை உதவி, சக்திகுமார்.

"மேடை உதவியா மதினி?" சக்திகுமார் எழுந்துவிட்டான். "நூத்து அறுபது மேட அடிச்சிருக்கேன் நானு."

"அடிச்சீக. யாரு இல்லன்னா? மேடையில அடிச்சது காத்தோட போயிருச்சே, கொழுந்தனாரே. கம்பெனிக்காரன் ரெக்கார்டு எங்கன்னுல்ல கேக்குறான்."

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கம்பியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கூடப் பிறந்தவன், தன் கையால் வேனைக் கவிழ்த்து இவன் கையை உடைத்தவன், ஒரு வார்த்தை பேசவில்லை.

அனுசியா புருஷன் பக்கத்தில் போய் நின்றாள். எல்லோரும் இருக்கிறார்களே என்று குரலைத் தாழ்த்தவில்லை.

"என்னையத் திருச்சுழிக்கு அனுப்பப் பாத்தது இதுக்குத்தானா?"

அவன் தலையசைத்தான்.

"கல்யாணத்துக்கு முந்தியே சொல்லிருக்கலாம்ல?"

"மொத நாளு வந்தப்ப நீ என்ன கேட்ட? பதினோராவது நிமிஷத்துல அடிச்ச கையக் காட்டுங்கன்னு கேட்ட. நான் காட்டிட்டேன். நீ தொட்டுப் பாத்த. அதுக்கப்புறம் எப்படி அனு சொல்றது?"

அவளுக்கு ஒரு கணம் அவன் மேல் இரக்கம் வந்தது. இருபத்தைந்து வயதுப் பையன், எதிரே ஒருத்தி வந்து அப்படிக் கேட்டால் அவன்தான் என்ன செய்வான்? அந்த இரக்கத்தோடு அவள் வெளியே போயிருந்தால் இந்தக் கதை வேறு பக்கம் திரும்பியிருக்கும். ஆனால் இன்னொரு கேள்வியும் பாக்கி இருந்தது, அதையும் கேட்டாள்.

"சரி. அப்பச் சின்னப் புள்ளைக. போன வாரம் சோத்துல கைய வச்சுக்கிட்டு எல்லாருக்கும் முன்னால சொன்னேனே, அவுக அடி இல்லாட்டி நான் பாட மாட்டேன்னு. எம் பாட்ட, எட்டு வருஷத்த, தூக்கி எறியுறேன்னு சொன்னேனே. அன்னைக்கு ராத்திரியாவது சொல்லிருக்கலாம்ல?"

சக்திகுமார் பொய் சொல்லத் தெம்பில்லாதவனாக உண்மையைச் சொன்னான்.

"நீ அப்படிச் சொன்னது எனக்கு நல்லாருந்துச்சு, அனு."

தேவிபிரியா ஒரு தடவை களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டாள். பாண்டிராஜ் தரையைப் பார்த்தார்.

அனுசியாவுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் சக்திகுமார் தப்பித்திருப்பான். அவளுக்கு வந்தது வேறு. அப்பன் முகம் பார்க்காமல் போன மூன்று வருடமும், இந்த வீட்டு அடுப்படியில் கேட்டுப் புரியாத மாதிரி நின்ற அத்தனை கன்னடப் பேச்சும், காலையில் போட்டுவிட்ட பொத்தான் வரைக்கும் எல்லாம் சேர்ந்து ஆத்திரமாக ஏறியது. சோற்றுத் தட்டுக்கு முன்னால் அவள் தன்னைப் பலி கொடுத்தபோது, இந்த மனுஷன் சும்மா உட்கார்ந்து அதை ருசித்திருக்கிறான்.

அவள் திரும்பி மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"மாமா, ரெக்கார்டப் போடுங்க."

நாகேந்திரன் தலை தூக்கினான். "நெசமாவா?"

"போடுங்க. இன்னைக்கே முடிச்சிருவோம்."

கம்ப்யூட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. சக்திகுமார் மெல்ல வாசலை நோக்கி நடந்தான்.

"நீங்க எங்க போறீக?" என்றாள் அனுசியா. "உக்காருங்க. எண்ணிக்கை யாரு சொல்லுவா?"

"வேணாம் அனு."

"மேடை உதவின்னு எழுதிருக்குல்ல. உதவி பண்ணுங்க. எண்ணுங்க. அரையையும் சேத்துச் சொல்லுங்க, விட்றாதீக."

தேவிபிரியாவே கொஞ்சம் மிரண்டு போய்ப் பார்த்தாள். சக்திகுமார் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான். மைக்கை இடது கையால் எடுத்தான்.

ஒந்து, எரடு, மூரு.

பாட்டு தொடங்கியது. அனுசியா அன்று பாடினாள் பாருங்கள், அப்படி அவள் எந்த மேடையிலும் பாடியதில்லை. 'கண்மாய் நிறையல, காத்திருந்தும் நிறையல' என்கிற வரி அவள் வாயிலிருந்து வந்தபோது நாகேந்திரனின் விரலே ஒரு நொடி தயங்கியது. பாண்டிராஜின் கை அவளைத் தாங்கிக்கொண்டு போனது. தன்னோடு எட்டு வருடம் ஓடியது யார் அடி, இன்று ஓடுவது யார் அடி என்று அவள் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை அவள் மறைக்கவும் இல்லை. முகத்தைச் சக்திகுமார் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே பாடினாள். அவன் பார்க்கட்டும் என்றுதான் அப்படி நின்றாள்.

அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே எண்ணினான். ஒரு எண் தவறவில்லை.

பதினோராவது நிமிடம் வந்தது. கிதார் ஓய்ந்தது. அவள் குரல் ஓய்ந்தது. ஐது, ஆரு, ஏளு என்று அவன் குரல் காதுக்குள் வந்தது. அதோடு நின்றுவிட்டது. அரையை அவன் சொல்லவில்லை.

அடி மட்டும் சரியாக விழுந்தது.

சக்திகுமார் மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தான். யாரையும் பார்க்கவில்லை. தேவிபிரியா வழிவிட்டு ஒதுங்கினாள். கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போனான். வெயில் ஷெட்டுக்குள் வந்து விழுந்தது.

டிரம்ஸ் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் மறுபடி எடுக்க வேண்டிய இடத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. திறந்த கதவு வழியாகப் பார்த்தாள். வேன் கவிழ்ந்ததிலிருந்து யாரும் தொடாமல் நின்ற தன் பைக்கின் உறையை அவன் இடது கையால் இழுத்துப் போட்டான். ஏறி உட்கார்ந்தான். வலது கையில் பிடி இல்லை. உள்ளங்கையை ஆக்ஸிலரேட்டர் மேல் வைத்து, முழங்கையோடு சேர்த்து அழுத்தித் திருகினான். வண்டி ஒரு துள்ளு துள்ளிக் காம்பவுண்டுச் சுவரில் உரசியது. மறுபடி நேரானது. பிரேக்கும் அந்தக் கையில்தான்.

தெருவைத் தாண்டினால் தூத்துக்குடி லாரிகள் போகிற நாலுவழிச் சாலை.

பாண்டிராஜும் பார்த்துவிட்டார். அவர் கண் அனுசியாவிடம் வந்தது. நீ சொல்லு தாயி, நிறுத்திருவோம் என்று அந்தக் கண் கேட்டது. கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நாகேந்திரன் கிதாரை மார்போடு அணைத்தபடி ஒரு காலை நீட்டிக் கதவைத் தள்ளி மூடினான். சிவப்பு விளக்கைக் கண்ணால் காட்டினான். வண்டிச் சத்தம் அறுந்து போனது.

அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு சொல் சொன்னால் போதும், பாண்டிராஜ் குச்சியைப் போட்டுவிட்டு ஓடுவார், அவருடைய பைக்கில் போய்த் தெருமுனையிலேயே பிடித்துவிடலாம். நிறுத்தினால் பாட்டை மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும். இந்த மாதிரி இன்னொரு தடவை வராது என்பது பாடுகிறவளுக்குத் தெரியாதா?

அவள் எடுக்க வேண்டிய இடம் வந்தது. பாட்டில் இன்னும் பன்னிரண்டு நிமிடம் பாக்கி இருந்தது.

அனுசியா கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வரியை எடுத்தாள்.